ஒரு பக்கத்துக்கு ஒரு வெளியாள்

நெகிரி மாநிலத்து ரப்பர் தோட்டமான மயிலந்தோட்டத்து கிளப் வராந்தாவில் அன்று மாலை கூடியவர்களும் அவர்கள் இருந்த இடமும் வருமாறு. நடுமேசைக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் பெரிய துரை ஹாலிஸ். அவருக்கு வலப்பக்கம் அவர் மனைவி துரைசாணி. மடியில் வெள்ளிக் கோப்பை. இடப்பக்கம் சிலாங்கூர் அணியின் தலைவி. சுவரோரம் போலீஸ் இன்ஸ்பெக்டர் பார்லோ. காலடியில் பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலம். மேசை ஓரத்தில், டைப்ரைட்டரோடு, முதுகுச்சாய்ப்பு இல்லாத ஸ்டூலில் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, பெரிய கிராணி அமிர்தலிங்கம். கூலிக்கு ஆடுகிறவர்கள் கிளப்புக்குள் வரக்கூடாது என்பதால் மிஸ் டோரிஸ் வாசற்படியில். அதற்கும் கீழே, செம்மண்ணில், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி கூலிகளை மேய்க்கும் மண்டோர் சன்னாசி. புல்வெட்டுக்காரி பஞ்சாலையை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நின்றுகொண்டிருந்தாள்.

வருஷா வருஷம் நெகிரி தோட்டத்துத் துரைசாணிகளுக்கும் சிலாங்கூர் தோட்டத்துத் துரைசாணிகளுக்கும் கோல்ஃப் போட்டி. பக்கத்துக்கு மூன்று பேர். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்கள் சுட்டாலும் சரி, லோரி எரிந்தாலும் சரி, அந்தப் போட்டி மட்டும் நிற்காது. பக்கத்துக்கு ஒரு வெளியாள் ஆடலாம், மற்றவர்கள் அந்தந்த மாநிலத்தாராக இருக்கவேண்டும் என்பது விதி. சிலாங்கூருக்கு வெளியாள் கிடைக்கவில்லை. ஹாலிஸ் துரையோ ஆஸ்திரேலியாவிலிருந்து மிஸ் டோரிஸைக் கப்பலில் வரவழைத்திருந்தார். சம்பளத்துக்குக் கோல்ஃப் ஆடுகிற பொம்பளை.

"அப்ப அவளும் நம்மளாட்டம் கூலிக்காரிதான் லா," என்று கூலிகள் குடியிருக்கும் லயத்தில் சிரித்தார்கள். "நாம மரத்தச் சீவறோம், அவ காத்தச் சீவறா."

டோரிஸின் மட்டைப் பையைச் சுமக்க, புல்வெட்டு வேலையிலிருந்து பஞ்சாலையை அனுப்பினார்கள். சின்ன வயசிலிருந்து அந்தப் புல்லில் கிடந்தவள். குழி எந்தப் பக்கம் சாய்கிறது, மழை பெய்தால் பந்து எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆள் இல்லாத நேரத்தில் வெட்டுக்கத்தியைத் திருப்பிப் பிடித்து அவள் பந்தடித்ததை டோரிஸ் பார்த்துவிட்டாள். போட்டிக்கு முதல்நாள் மாலை டாக்டர் துரைசாணிக்கு மலேரியா கண்டு ஆள் குறைந்தபோது, "என் பைக்காரி ஆடட்டும்," என்றாள். தன் பழைய சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தாள். பஞ்சாலை நுனியில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டாள்.

டோரிஸ் ஜெயித்தாள். துரைசாணி தோற்றாள். பஞ்சாலை ஜெயித்தாள். கோப்பை நெகிரிக்கு.

அங்கேதான் தகராறு. "உங்கள் பக்கம் இரண்டு வெளியாள். ஒருத்தி ஆஸ்திரேலியாக்காரி, இன்னொருத்தி இந்தியாக்காரி," என்றாள் சிலாங்கூர் தலைவி.

"இவள் இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். வெளியாள் எப்படி ஆவாள்?" என்றார் துரை. கோப்பை கையில் இருந்தவரைக்கும் அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. "கிராணி, இவள் இந்த நாட்டுக் குடி என்று சிரம்பானுக்கு ஒரு கடிதம் அடி. இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்."

அமிர்தலிங்கம் தாளைச் செருகினார். அவருக்குச் சந்தோஷம். பஞ்சாலையின் பிறப்புப் பத்திரம் ஜப்பான்காரன் காலத்தில் ஆபீசோடு எரிந்துபோயிருந்தது. பத்திரம் இல்லாதவர்களைச் சந்தேகத்தின் பேரில் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் அவளையும் அவள் ஆத்தா மங்கம்மாவையும் ஒருவரும் தொட முடியாது. அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவளும் புரிந்துகொண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

முதல் வரி முடியுமுன்னே இன்ஸ்பெக்டர் பொட்டலத்தைத் தூக்கி மேசையில் வைத்துப் பிரித்தார். வாழை இலை. அதில் சோறு, அவித்த முட்டை, ஒரு சுருட்டு. "ஆறாவது குழிக்குப் பின்னால், கம்பிவேலிக்கு வெளியே, காட்டை ஒட்டிய கல்லடியில் இருந்தது. காட்டுக்காரர்களுக்கு யார் சோறு வைக்கிறார்கள்?"

கம்பிவேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போனாலும் ஜெயில் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கேட்டில் ஆம்பளை பொம்பளை பார்க்காமல் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஆனால் அந்தக் கல் முனியாண்டி. கம்பி வந்ததற்காக முனியாண்டி இடம் மாறவில்லை. வேண்டிக்கொண்டால் படைக்காமல் இருக்க முடியுமா?

வேண்டிக்கொண்டது அமிர்தலிங்கம். துரைசாணிகளுக்கு நடுவே ஒரு தமிழச்சி தலைநிமிர்ந்து வரவேண்டும் என்று விடியற்காலையில் சோறாக்கி, சைக்கிள் கூடையில் ஆபீஸ் காகிதங்களுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனார். கிராணியின் கூடையை எந்தக் காவலனும் கிளறுவதில்லை.

"வைத்தது யார் என்று அவளைக் கேள்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பேச்சை மொழிபெயர்க்கும் துபாசியும் அமிர்தலிங்கம்தான். தமிழில் கேட்டார். "பஞ்சாலை, இந்தச் சோறு யாரு வெச்சதுன்னு தொர கேக்குறாரு."

அவள் குழப்பத்தோடு பார்த்தாள். "என்னா ஐயா என்னயக் கேக்குறீங்க? நீங்கதானே வெச்சீங்க. நான் செயிக்கணும்னு வேண்டிக்கிட்டேன்னு காலையில சொன்னீங்களே. சாமிக்குத்தான்னு சொல்லிருங்க ஐயா. நீங்க சொன்னா நம்புவாங்க."

சன்னாசி தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. துரைகளுக்குத் தமிழில் வேலை வாங்கத் தெரியும், நியாயம் கேட்கத் தெரியாது. நடுவில் இருந்தவர் ஒருவர்தான்.

அமிர்தலிங்கம் திரும்பினார். அழகான இங்கிலீஷ், சிரம்பான் பள்ளிக்கூடத்தில் படித்தது. "தானே வைத்ததாகச் சொல்கிறாள், ஐயா."

"கேட்டைத் தாண்டிச் சோறு எப்படி வந்தது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தக் கேள்வியை அவர் அவளிடம் கேட்கவே இல்லை. ஏதோ சும்மா நாலு வார்த்தை பேசினார். "ராத்திரி சாப்டியா, ஆத்தாவுக்கு ஒடம்பு தேவலையா?"

"இதையா ஐயா தொர கேக்குறாரு?" என்றாள் அவள்.

"மிஸ் டோரிஸின் மட்டைப் பைக்குள் வைத்து வந்தாளாம்," என்றார் அமிர்தலிங்கம். "அதைக் காவலர்கள் சோதிப்பதில்லையாம்."

படியில் இருந்த டோரிஸ் எழுந்துவிட்டாள். அந்த வராந்தாவில் பஞ்சாலைக்காகப் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். முகம் சிவக்க, "என் பையிலா? என்னை மாட்டிவிடப் பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள். "என் சப்பாத்து."

அந்த ஒரு வார்த்தை பஞ்சாலைக்கு விளங்கியது. குனிந்து கழற்றினாள். உள்ளே அடைத்த துணியை உருவி மடியில் செருகிக்கொண்டு, சப்பாத்தைத் துடைத்துப் படியில் வைத்தாள்.

துரைக்குக் கணக்கு சுலபமாகிவிட்டது. பஞ்சாலையின் ஆட்டத்தைத் தள்ளினால் இரண்டு பக்கமும் சமம். டோரிஸ் இன்னொரு குழி ஆடிக் கொடுத்தால் கோப்பை கைவிட்டுப் போகாது. "ராஜ விசுவாசம் இல்லாதவள் இந்த மாநிலத்துக்கு ஆட முடியாது," என்றார். "நமக்கு ஒரே வெளியாள்தான். அவர் மிஸ் டோரிஸ். கிராணி, அந்தத் தாளை எடுத்துவிடு. வேறு கடிதம் அடி. நாடு கடத்தச் சிபாரிசு."

எல்லாரும் புல்வெளிக்கு இறங்கிப் போனார்கள். சன்னாசி மட்டும் மேசைப் பக்கம் வந்தான்.

"கிராணி, அவ சொன்னதத்தானே சொன்னீங்க?"

"ஒனக்கு மண்டோர் வேல வேணுமா வேணாமா?"

"கேக்கல லா," என்று சன்னாசி தொப்பியைப் போட்டுக்கொண்டான். பஞ்சாலையைப் பார்க்காமல் போனான்.

அமிர்தலிங்கம் ஒழுங்காக அடித்தார். பெயர். வேலை. குற்றம். கடைசியில், அனுப்பப்படவேண்டிய ஊர். அங்கே விரல் நின்றது.

"பஞ்சாலை, ஒங்கப்பன் எந்த ஊரு?"

"யாருக்குத் தெரியும்? அவரு செத்தப்ப நான் கைப்புள்ள. ஆத்தாளுக்கும் இந்தத் தோட்டந்தான்." மேசையை நெருங்கி வந்தாள். "ஐயா, என்னாத்தச் சொன்னீங்க அவங்ககிட்ட?"

அவர் தாளின் பக்கம் திரும்பினார். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் கடிதம் திரும்பி வரும். திரும்பி வந்தால் மறுவிசாரணை வரும். யோசித்துப் பார்த்ததில் இந்தியாவில் அவருக்குத் தெரிந்த ஊர் ஒன்றுதான். தன் அப்பாவின் ஊர். ஒரத்தநாடு என்று அடித்தார்.

புல்வெளியில் கைதட்டல் எழுந்தது. துரை வேர்வையோடு வந்து கையெழுத்துப் போட்டார். அமிர்தலிங்கம் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் இட்டார். பசையை நாக்கால் நனைத்து ஒட்டினார். அரக்கைக் காய்ச்சி ஊற்றித் தோட்டத்து முத்திரையை அமுக்கினார். முத்திரை கோணாமல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஒருதரம் சரிபார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். இன்ஸ்பெக்டர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். பஞ்சாலையைப் பின்னால் ஏற்றியிருந்தார்கள். கடிதமும் அவளும் ஒரே வண்டியில் சிரம்பானுக்குப் போனார்கள்.