ஃபர்னஸ் இல்லாத வீடு

ஐலி வீட்டை வரையத் தொடங்கியதே சவுனாவிலிருந்துதான். அவள் குடும்பத்தில் யார் வீடு கட்டினாலும் அப்படித்தான். முதலில் ஏரியைப் பார்த்து ஒரு சவுனா எழும்பும்; வீடு முடியும்வரை அந்த நீராவி அறையில் குளித்து, அதன் முன்னறையிலேயே படுத்து எழுவார்கள். அதனால் கம்யூனிட்டி காலேஜில் கடைசிப் பருவத்துக்கு ஒரு சிறிய வீடு வரையச் சொன்னபோது அவள் கை தானாக அங்கேதான் போனது. தேவதாருப் பலகை, கல் அடுக்கிய அடுப்பு, உடை மாற்றத் தாராளமாக ஒரு அறை, வியர்த்த உடம்போடு நேராகப் பனியில் போய் விழ ஒரு கதவு. மிச்சமிருந்த இடத்தில் வீடு.

"சவுனாவை ஒட்டி ஒரு வீடும் வெச்சிருக்கியே, பரவாயில்லை," என்றான் வெண்டல்.

கட்டடக்கலைத் தொழில்நுட்ப வகுப்பில் எல்லோரும் இருவர் இருவராகத்தான் வேலை செய்ய வேண்டும். பிளான் ஐலியுடையது, கூரையும் தூணும் வெண்டலுடையவை. அவள் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருந்துவிட்டு வந்தவள். அவன் கூரை போடும் வேலையில் முழங்கால் தேய்ந்து படிக்க வந்தவன். இருவருக்கும் முப்பது தாண்டியிருந்தது. வகுப்பில் மற்றவர்கள் பள்ளி முடித்த கையோடு வந்தவர்கள். அவர்கள் இந்த ஜோடியை "அம்மா, அப்பா" என்றே கூப்பிட்டார்கள். ஐலி முறைப்பாள். வெண்டல் முறைக்க மாட்டான்.

வரைந்ததில் ஒரு வீட்டைத் தச்சுப் பிரிவு மாணவர்கள் வசந்தத்தில் உண்மையாகவே கட்டுவார்கள். எது என்று முடிவு செய்பவர் தச்சுப் பிரிவு ஆசிரியர் புரூனோ. அது தன் வீடாக இருக்க வேண்டும் என்பதுதான் ஐலியின் ஆசை. பல்வலிக்காரர்களின் பெயரை எழுதியே தேய்ந்த கை. அந்தக் கையால் வரைந்த ஒரு சுவரை ஒரு நாளாவது தட்டிப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. மதியத்துக்குமேல் புரூனோ வருகிறார். காலையிலேயே தாள்களைச் சுவரில் குத்திவிட்டு ஐலி தள்ளி நின்று ரசித்தாள். வெண்டல் மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி என்ற பணியாரத்தைக் கடித்தபடி பிளான் முன்னால் நின்றான். திடீரென்று அவன் தாடை நின்றது.

"ஐலி, ஃபர்னஸ் எங்கே?"

"அங்கேதான்."

"அங்கேன்னா எங்கே?"

ஐலி கிட்டே வந்தாள். சமையலறையைப் பார்த்தாள், படுக்கையறையைப் பார்த்தாள், பூட்ஸ் கழற்றும் முன்கட்டைப் பார்த்தாள். ஆறு மாதம் பனி கொட்டும் ஊரில் வீட்டுக்கே சூடு தருகிற ஃபர்னஸுக்கு ஒரு மூலைகூட இல்லை.

"ஐயோ! மறந்தே போச்சு."

"சவுனாவுல டவல் மாட்டற கொக்கியை மட்டும் மறக்கலையே!"

"இத்தனை நாளும் நீயும்தானே பார்த்தே?"

"நான் கூரையைப் பார்த்தேன். கூரையில யாரும் ஃபர்னஸ் தேட மாட்டாங்க."

ஐலிக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அழுகை மாதிரி ஆனது. "பேஸ்மென்ட்ல?"

"அடியில முழுக்கப் பாறை. பேஸ்மென்ட்டே கிடையாது."

"பரண்ல?"

"என் கூரைச் சட்டத்துக்கு நடுவுலயா? கொன்னுடுவேன்."

இருவர் பார்வையும் ஒரே இடத்தில் போய் நின்றது.

"உடை மாத்தற அறையில கை வைக்காதே," என்றாள் ஐலி. "எங்க அம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க."

"உங்க வீட்டுல எத்தனை பேர் ஒண்ணா உள்ளே போவீங்க?"

"அண்ணனுங்க, அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், அவரோட மச்சான்..."

"இது குட்டி வீடும்மா. ரெண்டு பேர் இருக்கிற வீடு."

ரெண்டு பேர் என்று சொன்னதும் வெண்டலின் காது சிவந்துவிட்டது. பாஸ்டியைச் சுற்றியிருந்த காகிதத்தை அக்கறையாக மடிக்கத் தொடங்கினான்.

ஐலி ஒரு டிரேசிங் தாளைக் கிழித்துப் பிளான் மேல் ஒட்டினாள். பெரிய பிரிண்டர் முன்னால் வரிசை நின்றது. மறுபடி அச்சடிக்க வழியில்லை. பென்சிலாலேயே உடை மாற்றும் அறையைப் பாதியாக வெட்டினாள். வெட்டிய பாதியில் ஃபர்னஸை வைத்தாள். அதன் கதவைச் சவுனா பக்கம் வைக்காமல் முன்கட்டுப் பக்கம் திருப்பினாள்.

"ஏன் அந்தப் பக்கம்?"

"நனைஞ்ச பூட்ஸும் கையுறையும் அந்தச் சூட்டுலயே காய்ஞ்சிடும். நீ காலையில ஈரக் கையுறை மாட்டினதே இல்லையா?"

"என் வாழ்க்கையே ஈரக் கையுறைதான்," என்றான் வெண்டல். அழிப்பான் தூளை ஊதித் தள்ளிவிட்டுப் பக்கத்திலேயே நின்றான்.

புரூனோ வந்தார். ஒவ்வொரு ஜோடியிடமும் தலையாட்டினார், "நல்லாருக்கு" என்றார், நகர்ந்தார். இவர்கள் முறை வந்தபோது ஐலி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்குக் காலையில வரைக்கும் இந்த வீட்டுல ஃபர்னஸ் இல்லை சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "அப்ப குளிருக்கு என்ன பண்றதா இருந்தீங்க?" என்று கேட்டார் வகுப்பாசிரியை தேயர்.

"அம்மாவும் அப்பாவும் சவுனாவுலயே குடும்பம் நடத்துவாங்க மேடம்!" என்றது பின்வரிசை.

புரூனோ சிரிக்கவில்லை. டிரேசிங் தாளைத் தூக்கி அடியில் இருந்ததைப் பார்த்தார். தாளை விட்டு மேலே இருந்ததைப் பார்த்தார். திரும்பவும் தூக்கினார். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஃபர்னஸ் கதவின்மேல் வைத்தார்.

"இதுக்குக் கீல் எந்தப் பக்கம்?"

"இடது," என்றாள் ஐலி.

"வலது," என்றான் வெண்டல், அதே நொடியில்.

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க," என்றார் புரூனோ. "பனி உருகினதும் என் பசங்க கான்கிரீட் ஊத்தணும். உங்க வீட்டுச் சண்டைக்காக அவங்க காத்துக்கிட்டு நிக்க முடியாது."

அவர் அடுத்த சுவருக்குப் போய்விட்டார். கட்டப்போவது தங்கள் வீட்டைத்தான் என்பது ஐலிக்கு உறைக்கச் சற்று நேரமானது. உறைத்ததும் வெண்டலின் சட்டைக் கையைப் பிடித்து வெளி வராந்தாவுக்கு இழுத்துப் போய், அங்கே நின்று குதித்தாள். வெண்டல் முழங்காலை நினைத்துக் குதிக்காமல் நின்றான். பிறகு அவனும் குதித்தான்.

"இடதுதான்," என்றாள் மூச்சு வாங்க. "வலதுல வெச்சா குனிஞ்சு பூட்ஸ் கழட்டறவன் மண்டையில இடிக்கும்."

"இடதுல வெச்சா சுவர்ல இடிக்கும். இது லேசுல முடியாது. சாயங்காலம் எங்கேயாவது சாப்பிட்டுக்கிட்டே சண்டை போடலாமா?"

"இடதுன்னு ஒத்துக்கோ, வரேன்."

"ஒத்துக்கிட்டா அப்புறம் சண்டைக்கு என்ன மிச்சம்?"

"அதுக்கென்ன," என்றாள் ஐலி, "நம்ம வீட்டுல இன்னும் எவ்வளவு கதவு இருக்கு!"