மூன்று நாள் தாள்

ஸைமா, உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் சலாம். போனில் சொல்லியிருப்பேன். நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் உன் மாமியார் இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

தலைப்பிரசவத்துக்கு நீ கொடைக்கானலுக்கு வந்திருக்க வேண்டும். இந்த ரத்த அழுத்தத்தோடு மலை ஏற வேண்டாம் என்று உன் டாக்டர் சொன்னதால், நான் அய்யம்பாளையம் இறங்கி வந்து நாற்பது நாள் உன்னோடு இருப்பதாகப் பேச்சு. என்னால் வர முடியாது. காரணத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

மூன்று வருடமாக எனக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. வருகிறது என்று தெரிந்த நிமிஷமே ஓட வேண்டும். கடையில் ஸ்வெட்டரைப் பாதி மடித்தபடி போட்டுவிட்டு ஓடுவேன். சில நாள் போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிடும். உன் நிக்காஹ் அன்று நான் பெண்கள் கூட்டத்தில் உட்காராமல் இருந்தது தலைவலியால் அல்ல.

அஸ்பாக் மாமுதான் வற்புறுத்தி வத்தலக்குண்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனான். நல்ல மாதிரி.

"இதுக்கு வைத்தியம் இருக்குங்கம்மா. நான் ஒருத்தி சொல்றதில்ல, பெரிய டாக்டருங்க எல்லாரும் கூடிப் பேசி வச்ச முறை. முதல்ல டீயைக் குறைங்க, கொஞ்சம் கொஞ்சமா அடக்கிப் பழகுங்க, பயிற்சி செய்ங்க. போதலன்னா மாத்திரை. அதுக்கும் கேக்கலன்னா மதுரையில மூத்திரப்பையில ஊசி போடுவாங்க. படிப்படியாத்தான் போகணும்."

ஊசி போட்டால் ஆறு மாதமாவது தாங்குமாம். உன் பிரசவத்துக்கு அது போதும். அதை நினைத்துத்தான் மாத்திரையால் நாக்கு வறண்டாலும் பொறுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு முறையும், போவதற்கு முந்தைய மூன்று நாளின் விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோக வேண்டும். எத்தனை டம்ளர் குடித்தேன், எத்தனை தடவை போனேன், எத்தனை தடவை நனைந்தது.

பஸ்ஸில் மலை இறங்க இரண்டரை மணி நேரம் ஆகும். எல்லார் முன்னாலும் நிறுத்தச் சொல்லிக் காட்டுக்குள் இறங்க எனக்கு மனம் வராது. கீழே எந்தக் காரியத்துக்குப் போனாலும் மூன்று நாளைக்கு முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். நோன்பு வைத்துப் பழகிய உடம்பு. அந்த மூன்று நாளைத்தான் தாளில் எழுதினேன். ஒரு நாளைக்குப் போனது ஆறு, நனைந்தது ஒன்று. அது உண்மை. குடித்தது மட்டும் எட்டு டம்ளர் என்று எழுதினேன், குறைவாக எழுதினால் திட்டுவார்களே என்று.

போன திங்கட்கிழமை மூன்று முறை கொடுத்த தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார். "மாத்திரை நல்லா வேலை செய்யுதே. ஊசியெல்லாம் தேவையில்லைங்கம்மா."

தண்ணீர் குடிக்காததால் குறைந்ததை மாத்திரையின் பலன் என்று நினைத்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஏக்கா, ஊர்ல எல்லாரும் ரமலானுக்கு நோன்பு வச்சா நீ டாக்டருக்கு வச்சிருக்கியே," என்றான் அஸ்பாக்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இந்தத் தாளெல்லாம் இனி உதவாதுங்கம்மா. நல்லாத் தண்ணி குடிச்சு, உள்ளது உள்ளபடி எழுதி, மறுபடி மூணு மாசம் மாத்திரை பாக்கணும். அப்பறந்தான் மதுரைக்கு அனுப்ப முடியும்."

மகளுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது என்றேன். "புரியுதுங்கம்மா," என்றார். புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"நான் கார் எடுக்கேன், நெனச்ச எடத்துல நிறுத்துறேன், வாக்கா," என்கிறான் அஸ்பாக். வந்து சேர்வது பெரிதில்லை. அதற்குப் பிறகு நாற்பது நாள் உன் மாமியார் வீட்டு மெத்தையில் படுக்க வேண்டும். டயப்பர் கட்டிக்கொண்டால் அதை அந்த வீட்டில் எங்கே போடுவேன்? பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போது வந்தால் யாரிடம் கொடுத்துவிட்டு ஓடுவேன்?

இன்று முதல் தாளை ஒழுங்காக எழுதுகிறேன். மதியம் வரை குடித்தது ஐந்து டம்ளர், போனது ஒன்பது, நனைந்தது மூன்று.

உன் மாமியாரிடம் அம்மாவுக்கு மூட்டுவலி என்று சொல். பிள்ளையின் காதில் பாங்கு சொல்லும்போது எனக்குப் போன் போடு. நான் பாதியில் வைத்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதே.

உன் அம்மா,
உம்மு ஹபீபா