ஆணியப்பனின் நாலு விரல்

இருட்டியபின் என் கதவில் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். கொஞ்சம் பொறுத்து, டங் என்று இன்னொன்று. முதல் சத்தம், ஆணியப்பன் எங்கள் தாழ்ப்பாளைச் சரிசெய்வது. இரண்டாவது, அது மறுபடி கழன்று விழுவது.

ஆணியப்பனை வரைந்தது நான்தான். சிதம்பரநாதன் சாரின் வீடு பழுதுபார்க்கும் கம்பெனிக்கான விளம்பரப் பொம்மை. சுத்தியல் தலை, நீலச் சட்டை, கைக்கு நாலு விரல். ஐந்தாவது விரல் வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் வேலை கூடும். அதனால் பொம்மைப்படம் போடுகிறவர்கள் பெரும்பாலும் நாலோடு நிறுத்திவிடுவோம். என் மகள் செலினுக்கு அது பிடித்திருந்தது. அவளுக்கு நாலுவரைதான் எண்ணத் தெரியும். தன் கையை எண்ணினால் ஒரு விரல் மீந்துபோய் அழுவாள்.

எங்கள் ஊரில், விளம்பரத்துக்கு வரைந்த உருவம் ஓனர் ஓகே சொல்லும்வரை வரைந்தவர் வீட்டில் தங்கும். ஓகே ஆனதும் கடையில் விளம்பரம் ஓடும் திரைக்குப் போய்விடும்.

விளம்பரத்தில் ஒரு கதவு வேண்டியிருந்தது. என் வீட்டுக் கதவையே பார்த்து வரைந்தேன். என் கணவர் சகாயம் ஓமனில் சலாலாவுக்கு வேலைக்குப் போன அதே வாரத்தில் அதன் தாழ்ப்பாள் உடைந்தது. அதிலிருந்து, விளக்கணைந்ததும் யாரோ மாடிப்படி ஏறி வந்து, கதவுக்கு முன்னால் நின்றுவிட்டு இறங்கிப் போகிறார்கள். நான் நாற்காலியைக் கதவோடு சேர்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துதான் வரைகிறேன்.

ஆணியப்பன் வேலையில் குறையில்லை. ஆனால் கடைத் திரையில் படம் ஓயாமல் சுற்ற வேண்டும். கடைசிப் படம் முடிந்ததும் முதல் படம் வந்துவிடும். முதல் படத்தில் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. சரியாவதற்கும் விழுவதற்கும் நடுவே பாதி மங்கள வார்த்தை ஜெபம் சொல்லலாம். மீதிப் பாதியைக் கதவைப் பார்த்துக்கொண்டே சொல்வேன்.

ஆணியப்பனுக்கு நான் கொடுத்திருந்தது ஒரே வசனம்: “கவலைய விடுங்க, கதவ மூடுங்க.” சகாயம் போனில் இருக்கும்போதும் ஆணியப்பன் அதைச் சொன்னார்.

“யாரது, ஆம்பளக் குரல்?”

“விளம்பரம்ங்க.”

“ஓ. சாப்பிட்டாரா?”

“அவருக்கு வாய் வசனத்துக்கு மட்டும்தாங்க. இங்க படியில யாரோ நிக்கிறாங்க.”

“நீயா எதையாவது நினைச்சுக்காத. புள்ளையையும் பயமுறுத்தாத. வைக்கிறேன்.”

மறுநாள் சாரிடம் கேட்டேன்.

“தாழ்ப்பாள் சரியான இடத்தோட படத்த நிறுத்திக்கலாமா சார்?”

“படம் நின்னா கடைய மூடிட்டோம்னு நினைப்பாங்கம்மா. அத விடுங்க. வீட்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கே. ஒரு லேடி, ஒரு குழந்த போடுங்க.”

“நெஜமாவே உங்க ஆள் ஒருத்தர அனுப்புங்களேன்.”

“விளம்பரம் வராம ஆள் வந்தா நீங்களே கதவத் தொறக்க மாட்டீங்களே.”

அது சரிதான்.

லேடிக்கும் குழந்தைக்கும் மாதிரி வேண்டும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கோட்டுக்கு வெளியே வண்ணம் வழியாமல், கான்வென்ட்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்தபடி வரைந்தேன். லேடியின் இடுப்பில் குழந்தை. அவள் கை நல்ல தாழ்ப்பாளின் மேல் இருக்கிறது. அதையே முதல் படமாகவும் வைத்தேன், கடைசிப் படமாகவும் வைத்தேன். இனி விழுவதற்கு ஒன்றுமில்லை. வேலையில்லாத ஆணியப்பனைக் கதவுக்கு வெளியே படியில் உட்கார வைத்தேன்.

சார் பார்த்தார்.

“நம்மாளு வெளிய இருக்காரே?”

“வேல முடிஞ்சா வெளியதானே சார் போகணும்.”

யோசித்தார். “கரெக்ட். ஓகேம்மா.”

ஓகே ஆனதும் நாங்கள் கடைத் திரைக்குப் போனோம். செலினின் தலையணையை வரைய மறந்திருந்தேன். அதனால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

கடையைப் பூட்டியபின் காலடிச் சத்தம் படியேறி வந்து நின்றது.

“கவலைய விடுங்க, கதவ மூடுங்க,” என்றார் ஆணியப்பன்.

பிறகு, அவர் பக்கத்தில் யாரோ உட்கார்கிற சத்தம் கேட்டது.

செலின் தன் விரல்களை எண்ணினாள். நாலு. மீதி எதுவும் இல்லை. அப்படியே தூங்கிவிட்டாள். என் நாலு விரலால் நான் தாழ்ப்பாளை உள்பக்கமாகப் போட்டேன்.