பெர்மெத் மேல் படாத அடி

அந்த வருஷம் எங்கள் கமிஷ்-பெல் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் தண்ணீர் குடித்த ஆடு, மாடு, குதிரை எதன் கழுத்திலும் கத்தி இறங்கவில்லை. கறிக்கடை சுயூன்தான் முதலில் பார்த்தார். கிடாயைக் காலைக் கட்டிப் படுக்கவைத்து, இறைவன் பேரைச் சொல்லிக் கத்தியை இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு போய்த் தரையைக் கீறியது. கிடாய் கொட்டாவி விட்டது. கத்தியை மொண்ணையாக்கி வைத்தது மச்சினன் வேலைதான் என்று முடிவுகட்டிய சுயூன், நேரே அவன் வீட்டுக்குப் போய் முன்பல்லை உடைத்துவிட்டு வந்து, கத்தியைத் தீட்டி மறுபடி இழுத்தார். இறங்கவில்லை. அடுத்து கோடாலி வந்தது, அதற்கடுத்து துப்பாக்கி வந்தது. குண்டு கிடாயின் நெற்றியில் பட்டு, மிதிபட்ட பட்டாணி மாதிரி நசுங்கிக் கீழே விழுந்தது. கிடாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு வேலிப்பக்கம் புல் மேயப் போனது. மச்சினனுக்குப் பல் போனதுதான் மிச்சம்.

விருந்தாளிக்குக் கறி வைக்காத வீட்டை எங்கள் பக்கம் வீடு என்றே சொல்லமாட்டார்கள். ஆட்டுத்தலையை எந்தப் பெரியவர் முன்னால் வைப்பது என்பதிலேயே மண்டை உடையும் ஊர் இது. தலையே இல்லையென்றால் கேட்கவா வேண்டும். அந்த வசந்தத்தில் நடந்த கல்யாணம் ஒவ்வொன்றிலும் சாட்டை எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார்கள் என்று பெண் வீட்டாரும், நம்பாவிட்டால் நீயே வந்து அறுத்துப் பார் என்று மாப்பிள்ளை வீட்டாரும் குதிரைமேல் ஏறி நின்று ஒருவரையொருவர் விளாசிக்கொண்டார்கள். கண் போனவர் உண்டு, காது அறுந்தவர் உண்டு. மலையிலிருந்து இறங்கிய ஓநாய் ஒன்று பல்லெல்லாம் உடைந்து பட்டினியில் செத்தது. ஊரில் பாவம் பெருத்துவிட்டது என்றார் பள்ளிவாசல் பெரியவர். சுண்ணாம்புச்சத்து கூடிவிட்டது என்றார் கால்நடை டாக்டர். ஆஸ்பத்திரிக் கைகழுவும் தொட்டியை எவரும் சந்தேகப்படவில்லை.

அந்தத் தொட்டி தடுப்பூசி அறையில் இருந்தது. அதன் குழாய் உடைந்து வருஷக்கணக்காகிறது. ஊற்றும் தண்ணீர் சுவருக்கு வெளியே சொட்டி நேராக வாய்க்காலுக்குப் போகும். முந்தைய வருஷம் ஊரை உலுக்கிய தொற்று நோய்க்குத் தடுப்பு மருந்து வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோரும் முதலில் போட்டுக்கொள்ள வேண்டும், போடாதவருக்கு வேலை இல்லை என்று தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. ஊசி போடுகிற நர்ஸ் பெர்மெத். நாற்பதைத் தாண்டியவள், தோள் அகன்றவள், அழுகிற நோயாளியையும் அதட்டுகிற அதிகாரியையும் ஒரே அதட்டலில் உட்காரவைப்பவள். அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே வந்தவர் சட்டைக் கையை மடக்குவார், பெர்மெத் மருந்தை ஊசியில் உறிஞ்சித் தொட்டிக்குள் பீய்ச்சுவாள், வந்தவர் முகத்தைச் சுளித்துக் கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே போவார். ஆளுக்கொரு சான்றிதழ் கிடைக்கும். டாக்டரில் தொடங்கி வாட்ச்மேன் வரை அப்படித்தான் நடந்தது. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஒற்றுமையை வேறு காரியத்தில் காட்டியிருந்தால் இந்த ஊர் எப்போதோ உருப்பட்டிருக்கும்.

முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். முந்தைய கோடையில் தாழ்வாரத்தில் பிணங்களைத் தாண்டித் தாண்டி வேலை பார்த்தவர்கள் அவர்கள். பாதுகாப்பு உடை இல்லாமல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். கூட வேலை பார்த்தவர்களையே துணியில் சுற்றி அனுப்பினார்கள். அத்தனை பேரும் சாதாரணச் சளிக்காய்ச்சலில் செத்ததாக மேலிடத்தில் எழுதிக்கொண்டார்கள். "அன்னிக்கு அப்படியொரு நோயே இல்லன்னு சாதிச்சவன்தானே இன்னிக்கு மருந்து அனுப்புறான்? அவன் மூஞ்சிக்கு நான் கையை நீட்டணுமா?" என்றாள் பிரசவ வார்டு மருத்துவச்சி. "எனக்குப் போன வருஷமே வந்துட்டுப் போயிடுச்சு. என் ரத்தத்துக்கு அதுவே போதும்" என்றான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். பெரிய டாக்டர் ஷெர்காஸி மேடையில் நின்று தடுப்பூசியின் பெருமையை விஸ்தாரமாகப் பேசுவார். பேசி இறங்கி பெர்மெத்தின் அறைக்குப் போய், "எனக்கு இதயம் கொஞ்சம் பலவீனம், பார்த்துக்கோம்மா" என்பார். பெர்மெத் பார்த்துக்கொண்டாள்.

நிஜமாகவே ஊசி கேட்டு வந்தவள் செய்னெப் ஒருத்திதான். தொற்றுநோய் வார்டு நர்ஸ். பெர்மெத்தின் தம்பி ஒரோஸின் மனைவி. பெற்றோர் போனபின் ஒரோஸைத் தூக்கி வளர்த்தவள் பெர்மெத். தனக்குப் பிள்ளை இல்லை; தம்பிக்கும் கல்யாணமாகி மூன்று வருஷமாகத் தொட்டில் கட்டவில்லை. இந்த மருந்து உடம்பில் ஏறினால் கர்ப்பப்பை அடைத்துக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரிக்குள்ளேயே பேச்சு ஓடியது. படித்தவர்களே சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

"எல்லாரும் தொட்டிக்குள்ள ஊத்துறீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. எனக்கு மட்டும் போடு. நோயாளி வாய்க்குள்ள குழாய் விடுறவ நான்தான்" என்றாள் செய்னெப்.

"போடாம? நீ என்ன வேத்து மனுஷியா? கையை நீட்டுடி" என்றாள் பெர்மெத். முதுகைத் திருப்பிக்கொண்டு மருந்தைத் தொட்டிக்குள் பீய்ச்சினாள், உப்புத்தண்ணீரை உறிஞ்சினாள், நாத்தனாருக்கு உரிய பாசத்தோடு மெதுவாகக் குத்தினாள். செய்னெப் அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கோடையில் நோய் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் ஆஸ்பத்திரிக்காரர்களைத்தான் முதலில் சாய்த்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இருமி, வண்டியை ஒரு சுவரில் மோதிச் செத்தான். நோய் கொன்றதா சுவர் கொன்றதா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. மற்றவர்கள் நோயாளி பக்கத்தில் போகவே நடுங்கினார்கள். செய்னெப் நடுங்கவில்லை. எனக்குத்தான் ஊசி போட்டாயிற்றே என்று முகமூடி நழுவினாலும் சரிசெய்யாமல், எல்லோருடைய வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். பெர்மெத் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். செய்னெப்புக்குக் காய்ச்சல் கண்டபின் சொல்லி என்ன புண்ணியம் என்று விட்டுவிட்டாள். செய்னெப் ஒரு வாரம் மூச்சுக்குப் போராடி, நல்ல வெயில் அடித்த ஒரு முற்பகலில் இறந்துபோனாள்.

அன்று மதியமே ஒரோஸ் பங்காளிகளைத் திரட்டிக்கொண்டு குதிரைகளோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். குதிரைகள் தாழ்வாரம்வரை ஏறின. கண்ணாடிகள் உடைந்தன, கட்டில்கள் ஜன்னல் வழியாகப் பறந்தன, மருந்தாளுநரின் தாடை இரண்டாகப் பிளந்தது. ஊசி போட்டுக்கொண்டவள் நோயில் எப்படிச் சாவாள், ஊசிதான் அவளைக் கொன்றது, அதைப் போடச் சொன்னவன் ஷெர்காஸி என்பது அவர்கள் வாதம். பெரிய டாக்டரை மேசைக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். சாட்டையால் அடித்தார்கள், பூட்ஸ் காலால் விலாவில் மிதித்தார்கள், கழுத்தில் குதிரைக்கயிற்றை மாட்டி முற்றத்துப் பாப்ளார் மரத்தடிக்கு இழுத்துப் போனார்கள். கயிறு கிளைமேல் ஏறிவிட்டது. டாக்டரின் பாதம் தரையை விட்டு எழும்பியபோது பெர்மெத் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"விடுடா ஒரோஸ் அவரை! அவ உடம்புல மருந்து போகவே இல்ல. உப்புத்தண்ணிதான் போட்டேன்."

"என்னக்கா உளர்ற?"

"மருந்தைத் தொட்டில ஊத்திட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் பண்ணேன். குழந்தை தங்காதுன்னு சொன்னாங்கடா. நம்ம வீட்ல ஒரு குழந்தை ஓடணும்னு நெனச்சேன். நான்தான்டா கொன்னேன்."

கயிற்றைப் பிடித்திருந்தவன் விட்டுவிட்டான். டாக்டர் மூட்டையாக விழுந்தார். தொட்டி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கூட்டத்திலிருந்த சுயூனுக்கு ஆடு குதிரை விவகாரம் மொத்தமும் புரிந்தது. "அடப்பாவிங்களா, என் கிடாய்க்குப் போட்டதை உங்களுக்குப் போட்டுக்கிட்டிருக்கக் கூடாதா!" என்று தலையில் அடித்துக்கொண்டு, மச்சினனிடம் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். ஒரோஸ் சாட்டையை ஓங்கினான். தாயைப்போல வளர்த்தவள் முதுகில் முழு பலத்தையும் போட்டு இறக்கினான். சட்டை கிழிந்தது, தோலில் ஒரு கோடுகூட விழவில்லை. மறுபடி அடித்தான். சாட்டை நைந்து போனதும் விறகுக்கட்டையை எடுத்தான், அது முறிந்ததும் கோடாலியை எடுத்தான். பெண்கள் அலறினார்கள். கோடாலி தோளில் இறங்கிக் காம்பு தனியாக, தலை தனியாகப் பறந்தது. அவள் கைகள் மாதக்கணக்கில் அந்த மருந்தில் நனைந்திருந்தன அல்லவா, ஆட்டுக்கு ஆனதுதான் அவளுக்கும் ஆகியிருந்தது. "அடிடா, இன்னும் அடிடா, வலிக்கவே மாட்டேங்குதுடா" என்று கெஞ்சினாள். பங்காளிகள் முறைவைத்து அடித்தார்கள். கடைசியில் ஒரோஸ் வேறொரு கோடாலியை வாங்கித் தடுப்பூசி அறையின் கதவைச் சில்லுச் சில்லாகப் பிளந்தான். இன்றுவரை அந்த அறைக்குக் கதவில்லை.

துக்க விருந்துக்குப் பெண்குதிரை அறுப்பது எங்கள் வழக்கம். ஒரோஸின் குதிரையும் அந்த வாய்க்காலில் குடித்ததுதான். தெரிந்தும் அவன் காலையிலிருந்து உச்சிவரை அதன் கழுத்தை வெட்டினான், உள்ளங்கை கிழிந்து ரத்தம் முழங்கையில் ஒழுகும்வரை வெட்டினான். குதிரை அவன் தொப்பியை நக்கிக்கொண்டு நின்றது. வந்தவர்கள் வெறும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக ஒரு குறையும் சொல்லாமல் போனார்கள். அந்தக் கோடைக்குப் பிறகு எங்கள் ஊருக்குக் கறி கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. அறுக்கமுடியாத ஆடுகள் தங்கள் பாட்டுக்கு ரோட்டில் திரிகின்றன, பேருந்துக்காரர்கள் பழகிக்கொண்டார்கள்.

அடுத்த தவணை மருந்து வந்தபோது கதவில்லாத வாசலில் ஒரோஸ் மடியில் கோடாலியோடு உட்கார்ந்தான். ஒரு சொட்டு தொட்டிப்பக்கம் போனாலும் கை போகும் என்று ஊசி போட வந்த புது நர்ஸிடம் சொன்னான். விலா எலும்பு முறிந்த ஷெர்காஸி டாக்டர் முதல் ஆளாகக் கையை நீட்டினார்; இதய பலவீனம் பற்றி அவருக்கு அன்று ஞாபகமில்லை. மருத்துவச்சி கண்ணை மூடிக்கொண்டு, "குத்தித் தொலை" என்றாள். முறைத்தவர், அழுதவர், திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டவர் எல்லோரும் உண்டு, போடாமல் போனவர் இல்லை. பெர்மெத்தும் வரிசையில் வந்து நின்றாள். ஊசி அவள் கையில் இறங்காமல் வளைந்தது. இன்னொன்றும் வளைந்தது. "உனக்கு எதுக்கு? தள்ளு" என்றான் ஒரோஸ்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் செத்தால் சொந்தக்காரர்கள் டாக்டரை அடிப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஒற்றை ஊசி மருந்து நோயைத் தடுக்குமே தவிர அடியைத் தடுக்காது. ஷெர்காஸி டாக்டர் விலா கூடியதும் யோசித்து, பெர்மெத்துக்கு வாசல் கேட் அருகே ஒரு பெஞ்சும் டீப்பாத்திரமும் போட்டுக்கொடுத்தார். சாவு விழுந்தால் வருகிற கூட்டத்தை அவளிடம் அனுப்பிவிடுவார்கள். அவர்கள் கட்டையாலும் கல்லாலும் கைசலிக்க அடிப்பார்கள். சலித்தபின் உட்கார்ந்து அழுவார்கள். அவள் டீ ஊற்றிக் கொடுத்து, சுளுக்கிய மணிக்கட்டுகளுக்குக் கட்டுப்போட்டு அனுப்புவாள். உள்ளே டாக்டர்கள் நிம்மதியாக வேலை பார்த்தார்கள். பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரிகள்கூட அவளைக் கடன் கேட்டுப் பார்த்தன. ஒரோஸ் மட்டும் சாவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சாட்டையோடு வருவான். பேசமாட்டான். அவள் எழுந்து திரும்பி நிற்பாள், அவன் அடிப்பான், டீ குடிக்காமல் போவான். அவள் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தலைவாரி, துவைத்த உடுப்புப் போட்டுக்கொள்வாள். வருஷங்கள் இப்படியே போயின. ஒரோஸுக்கு மீசை நரைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் வெறுங்கையோடு வந்தான். அவள் வழக்கம்போல எழுந்து திரும்பி நின்றாள். ஒன்றும் விழாததால் திரும்பிப் பார்த்தாள்.

"சாட்டை எங்கடா?"

"கை ஓஞ்சு போச்சுக்கா. இனிமே வரமாட்டேன்."

"ஒரே ஒரு தடவை அடிச்சுட்டுப் போடா. கையாலயாவது அடிடா."

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ரோட்டில் நின்ற ஆடுகளை விலக்கி நடந்துபோனான். பெர்மெத் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டாள். அத்தனை வருஷமாக அத்தனை பேர் அடித்தும் எழாத ஓலம் அது, மாடியில் பிரசவ வார்டு ஜன்னல்வரை கேட்டது. "ஒருவழியா எவனோ அவளை அடிச்சிட்டான் போலிருக்கே" என்றாள் மருத்துவச்சி. பாதிப் பிரசவத்தில் எழுந்து போய்ப் பார்க்கவா முடியும். குழந்தையின் தலை வெளியே வந்துகொண்டிருந்தது, அவள் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.