சுவரில் ஆறு இடம் தள்ளிய பெயர்

பாட்னாவில் முசல்லாபூர் சந்தைக்குப் பின்னால் உள்ள விடுதியின் பதினோராம் எண் அறைக்கு நான் குடிபோனது ஒரு நவம்பர் மாதம். எழுத்தர் தேர்வை அதற்குள் நான்கு முறை எழுதித் தோற்றிருந்தேன். ஐந்தாவது ஜனவரியில். அந்த மாதத்தோடு வயது வரம்பு முடிகிறது. அதில் தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பி அண்ணனின் உரக்கடையில் மூட்டை இறக்க வேண்டியதுதான்.

சன்னலோரக் கட்டில் எனக்கு. அறைத்தோழன் இம்தியாஸ், கிஷன்கஞ்சுக்காரன்.

"அதிர்ஷ்டக் கட்டில்ண்ணே அது. அதுல படுத்தவன் ஒருத்தன்கூட வேலை வாங்காமப் போனதில்ல. இப்ப நீங்க வந்திருக்கீங்க, பாவம் கட்டில்."

கட்டிலுக்கு மேலே சுவரில் நீல மையில் ஆறு வரிகள், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில். வீட்டுக்கார அண்ணி பூல்மதி ஒவ்வொரு தீபாவளிக்கும் வெள்ளையடிப்பார். மூடுபனி இறங்கியதும் ஈரத்தில் எழுத்துகள் மேலே வந்துவிடும். அறையின் முதல் ஆளான வைத்யநாத், வேலை கிடைத்துக் காலி செய்த அன்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போனாராம்.

எழுத்துகளை இத்தனை இடம் தள்ளி எழுதிய சொல்லைக் கண்டுபிடிக்கும் கேள்வி எல்லாத் தேர்விலும் வரும். அதனால் அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டத்தைக் கண்டால் எங்களால் சும்மா இருக்க முடியாது. லாரியின் நம்பர்கூட எங்களுக்குக் கேள்வித்தாள்தான். முதல் வரி யு, டபிள்யூ, எஃப், சி, ஓ, சி. ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு இடம் பின்னுக்கு நகர்த்தினேன். சுதாமா என்று வந்தது. அடுத்த வரி நான்கு இடம் தள்ளியிருந்தது. ஹரிவம்ஷ். அதன் கீழே மூன்று இடத்தில் ஒரு பெயர், ஐந்து இடத்தில் ஒரு பெயர்.

மறுநாள் அண்ணியிடம் கேட்டேன்.

"சுதாமாவா? வைத்யநாத்துக்கு அடுத்து வந்தவன். ரெண்டாவது தடவையிலேயே பாஸாகிட்டான், மகராசன்."

"ஹரிவம்ஷ்?"

"நாலு தடவை எழுதினான். என் ரொட்டியைத் தின்னே ஒரு சுத்து பெருத்துட்டான். ஏன் கேக்கற?"

"வைத்யநாத்துக்கு இவங்களைத் தெரியுமா அண்ணி?"

"எப்படித் தெரியும்? அவன் போனப்புறம்தானே ஒவ்வொருத்தனா வந்தாங்க."

மற்ற இருவரும் அப்படித்தான். ஒருவர் மூன்றாம் முறை, ஒருவர் ஐந்தாம் முறை. எத்தனை இடம் தள்ளியிருந்ததோ, அத்தனையாவது தேர்வில் வேலை.

ஐந்தாம் வரியை அன்று மதியம் பிரித்தேன். ஆறு இடம். லால்மணி என்று வந்தது. அது நான்.

"தேடினா எல்லாச் சுவர்லயும் நம்ம பேர் கிடைக்கும்ண்ணே," என்று சிரித்த இம்தியாஸ், தாளை வாங்கித் தானே ஒரு முறை போட்டுப் பார்த்தான். அன்றிலிருந்து சுவருக்கு முதுகு காட்டிப் படுத்தான்.

ஆறாவது முறை என்று எனக்கு ஒன்று கிடையாதே! ஜனவரியில் ஐந்தாவதை எழுதினேன். மூன்றாம் நாள், கேள்வித்தாள் வெளியானதாகச் சொல்லித் தேர்வை ரத்து செய்தார்கள். பழைய விண்ணப்பதாரர்களுக்கே மார்ச்சில் மறுதேர்வு. வயது பார்க்கப்படாது என்று அறிவிப்பு.

மறுதேர்வில் அந்த எழுத்து மாற்றக் கேள்வியைப் பிரித்தேன். ஆறு இடம் தள்ளியிருந்தது. தேறிவிட்டேன்.

பெட்டி கட்டிய அன்று சுபௌலிலிருந்து புதியவன் வந்தான். இதுவரை ஒரு தேர்வும் எழுதாதவன். பையை வைத்ததும் சுவரைப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணி, என் பேரை முன்னாடியே எழுதி வெச்சிட்டீங்களா?"

ஆறாம் வரியை நான் பிரித்ததே இல்லை. பிரிக்க வேண்டியிருக்கவில்லை. தீப்நாராயண் என்று அப்படியே படிக்கலாம். யாரோ கிறுக்கியது என்று விட்டிருந்தேன்.

இம்தியாஸ் என் காதருகே வந்தான். "ஒரு இடம்கூடத் தள்ளலண்ணே. அப்ப இவனுக்குத் தேர்வே கிடையாதா?"

தீப்நாராயணை வேறு அறை பார்க்கச் சொன்னேன்.

"நீங்க மட்டும் பாஸாகிட்டு, எனக்கு இந்தக் கட்டில் ஆகாதா?" என்று அதில் மல்லாந்து படுத்துக்கொண்டான்.

அவன் குளிக்கப் போன நேரம், அந்த வரியை பிளேடால் சுரண்டினேன். அதே இடத்தில், நீலப் பேனாவால், ஒவ்வோர் எழுத்தையும் ஓர் இடம் தள்ளி அவன் பெயரை எழுதினேன். ஒரு தடவையாவது எழுதட்டும். எழுதி முடித்துப் பார்த்தால் மேலே உள்ள ஐந்து வரிகளின் கையெழுத்தும் என்னுடையதும் ஒன்றாக இருந்தன.

அவனுடைய முதல் தேர்வு டிசம்பரில். அன்று காலை, எனக்கு வேலை கிடைத்த தானாபூர் அலுவலகத்திலிருந்து இம்தியாஸைப் போனில் அழைத்தேன்.

"தயாராயிட்டான்ண்ணே. நல்ல சகுனத்துக்கு அண்ணி தயிரும் சர்க்கரையும் ஊட்டி விட்டாச்சு. வெளிய பனி, எதிர்வீடு தெரியல."

"சுவர்?"

அவன் கட்டில் பக்கம் நடப்பது கேட்டது.

"தீபாவளிக்கு வெள்ளையடிச்சாங்கல்ல... நீங்க எழுதினது வரல. பழசுதான் மேல வந்திருக்கு."

"அவனைத் தனியா விடாதே. ஹால் வரைக்கும் கூடவே போ!"

"இப்பதான் படியிறங்கினான்."

இம்தியாஸின் செருப்புக் கால்கள் தடதடவென்று இறங்குவது கேட்டது. பிறகு கதவு. பிறகு தெருவில் அவன் குரல், தீப்நாராயண் என்று. இரண்டாம் முறை இன்னும் சத்தமாக. மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு, பனிக்குள்ளிருந்து பதில் வருமா என்று அவனும் நின்று காதுகொடுத்தான், நானும் காதுகொடுத்துக்கொண்டிருந்தேன்.