மணலில் போட்ட கிடை

நைனார்பாளையத்தில் மக்காச்சோளக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்சவள்ளிக்குப் புதன்கிழமை நடுப்பகலில் சவுதியிலிருந்து போன் வந்தது. புருஷன் கந்தசாமி அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆளே இல்லை. களைக்கொத்தை அப்படியே போட்டுவிட்டு எடுத்தாள்.

"அம்சா, தண்ணி லாரி வரல. சனிக்கெழமயும் வரல, நேத்தும் வரல. கேன்ல கால்வாசிதான் கெடக்குது. மொதலாளி போன எடுக்க மாட்டேன்றாரு."

பாலைவனத்தில் அறுபது செம்மறிகளோடு ஒற்றை ஆள். ஒரு கூடாரம், ஒரு தொட்டி, வாரத்துக்கு இரண்டு தரம் வருகிற லாரி. அவன் உயிர் இந்த மூன்றையும் நம்பித்தான் இருக்கிறது என்பது இந்த ஏழு மாதத்தில் அவளுக்கு மனப்பாடம்.

"டிரைவர் ஏமாத்துறான். ரோட்டுக்கு நடந்துரலாம்னு பாக்குறேன். முப்பது கிலோமீட்டர் இருக்கும்."

கந்தசாமி கிடை போடுகிற குடும்பத்துக்காரன். ராத்திரிக்கு ஆடுகளை ஒருவர் கொல்லையில் அடைப்பான். எரு விழுந்ததும், இரண்டு மூன்று நாளில் பட்டியைப் பிரித்துக்கொண்டு அடுத்த கொல்லைக்குப் போய்விடுவான். பதினாறு வருஷமாகச் சோற்றுத் தூக்கோடு அந்தப் பட்டியைத் தேடித் தேடி அலைந்தவள் அம்சவள்ளி. அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"யோவ், கெடய மாத்தினியா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உன்னத்தான் கேக்குறேன்."

"வெள்ளிக்கெழம மாத்தினேன். நாத்தம் தாங்கல. மேட்டுக்கு இந்தாண்ட காத்தும் கம்மி. மூணு கிலோமீட்டர்தான்."

"அந்த மணலுக்கு எரு போட்டு இன்னாய்யா வெதைக்கப் போற? லாரிக்காரன் உன்ன எங்கன்னு தேடுவான்?"

பக்கத்து வரிசைப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். "ரோட்டுக்குப் போவாத. வெயில் சாயற வரைக்கும் கூடாரத்துலயே குந்து. சட்டைய கழட்டாத. அப்பால பழைய எடத்துக்கே ஓட்டிக்கினு போ."

"அடுத்த லாரி சனிக்கெழமதான். அதுவரைக்கும் தண்ணிக்கு?"

"போய்யா மொதல்ல" என்றாள்.

அன்று அவள் களை எடுத்தது பேருக்குத்தான். களை என்று நினைத்து இரண்டு தரம் சோளப் பயிரையே பிடுங்கினாள். மறுநாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. பத்து மணிக்குத்தான் போன் அடித்தது.

"வந்துட்டேன், அம்சா. ராத்திரி சிக்னல் கெடைக்கல. லாரி ரெண்டு தரமும் வந்துட்டுதான் போயிருக்குது. டயர் தடம் கெடக்குது. சுத்திச்சுத்தித் தேடியிருக்கான், பாவம். பாறை நெழல்ல ஆறு கேன் வச்சிட்டுப் போயிருக்கான்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தண்ணி குடிச்சியா?"

"இப்பதான் ஒரு டம்ளர்."

"நேத்து சாயங்காலமே போய்ச் சேந்திருப்ப. இப்பதானா?"

"ஆடுங்க நாக்கு தள்ளிக்கினு நின்னுச்சிங்க. அதுங்களுக்குக் காட்டிட்டு... இன்னும் ஒரு கேன் இருக்குது."

அம்சவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டுக்காரனைக் கட்டிக்கொண்டதற்கு இந்தப் பதிலைத் தவிர வேறு எதை எதிர்பார்க்க முடியும்? இருந்தாலும் நெஞ்சு ஆறவில்லை.

"கையில பாட்டில் இருக்குதா?"

"இருக்குது."

"போன வைக்காத. எங்காதுல கேக்குற மாதிரி குடி."

மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. அம்சவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.