செல்லாத நாலணா

மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்த அனுராதா, துணியை இரண்டு முறை உதறிப் பார்த்தாள். கணவன் முருகவேலுக்குச் சென்னையில் பதினொரு மணிக்கு இதய ஆபரேஷன். அதற்குள் மலைக்கோயில் உண்டியலில் போடுவதாக வேண்டி முடிந்து வைத்த ஒன்றேகால் ரூபாயில் ஒரு ரூபாய்தான் இருந்தது. கால் ரூபாயைக் காணோம்.

"செல்லாத காசுதானம்மா! மியூசியத்துல கேட்டாங்க, குடுத்துட்டேன்," என்றாள் மகள் மோனிஷா, ஏதோ பெரிய தானம் செய்துவிட்டவள் போல. செல்லாதாம்! கடைக்காரனுக்குச் செல்லாது. முருகனுக்குமா?

மலையடிவாரத்தில் ஒரு வாடகை அறைதான் அந்த நாணய மியூசியம். நடத்துபவர் ஓய்வுபெற்ற பேங்க் கேஷியர் ஜெபசிங். பத்து மணிக்குத் திறக்க வேண்டியவர் ஆடி அசைந்து பத்தே காலுக்கு வந்தார். வந்தவர் சோழர் காசு, ஓட்டைக் காலணா, பழைய ஆயிரம் ரூபாய் நோட்டு என்று நிதானமாகக் காட்டத் தொடங்கினார். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது, காண்டாமிருகம் போட்ட அவளுடைய நாலணா. அட்டையில் இரண்டு வரி: 'வழங்கியவர்: மோனிஷா. 2011 முதல் செல்லாது.'

அந்தக் கடைசிச் சொல்லில் அவள் ஆடிப்போனாள்.

"சார், இது வேண்டுதல் காசு. எங்க வீட்டுக்காரர் ஆபரேஷனுக்காக முடிஞ்சு வெச்சது. குடுத்துடுங்க சார்."

"அழாதம்மா. இதே மாதிரி இன்னொண்ணு எங்கிட்ட கீது, தரட்டா?"

"முடிஞ்ச காச மாத்தக் கூடாதுங்க."

ஜெபசிங் பெட்டியைத் திறந்தார். காசு அட்டையோடு பசை போட்டு ஒட்டியிருந்தது. சுரண்டியதில் அவள் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அப்போது பார்த்துப் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் கொழுந்தன் திலீப்.

"அண்ணி, முன்னாடியே ரெடி பண்ணிட்டாங்க. பத்து நிமிஷத்துல உள்ள இட்டுகினு போறாங்க."

"அட்டையோட எடுத்துகினு என் வண்டில ஏறும்மா," என்றார் ஜெபசிங். "நான் சர்ச்சுக்குப் போறவன். கோயில் வாசல்ல வுட்டுடறேன், நீ உள்ள ஓடு."

உண்டியல் முன்னால் நின்று அட்டையை மறுபடி படித்தாள். அந்தச் சொல்லோடா போடுவது? அட்டையின் கீழ்வரியை மட்டும் கிழித்தாள். மகள் பெயரோடு ஒட்டிக் கிடந்த நாலணாவையும் ஒரு ரூபாயையும் உள்ளே போட்டாள்.

துண்டு மட்டும் கையில் நின்றது. கீழே போட்டால் காற்றில் திரும்பி வரும். வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. புருஷன் கண் விழிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று இருந்தவள், அந்தச் 'செல்லாது' என்பதை வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.